புத்தரின் கண்ணும் பத்தாம் பாட்டும்

நான் நாள்தோறும் ஓதும் பதிகங்களில் பத்தாம் பாட்டு என்று ஒன்று உண்டு. முதல் ஒன்பது பாட்டுகளில் இறைவனின் சடையையும் பிறையையும், அவன் எழுந்தருளிய ஊரின் சோலையையும் வயலையும் பாடிக் களித்துவிட்டு, பத்தாவதில் சற்று நின்று புத்தரையும் சமணரையும் இரண்டு அடி ஏசிவிட்டு, பதினோராவதில் ஓதுவோர் பெறும் பயனைச் சொல்லி முடிப்பது அந்தப் பதிகங்களின் மரபு. ஏழு வயதில் மனப்பாடம் செய்ததிலிருந்து நாற்பதைத் தாண்டும் வரை அந்த ஏச்சு என்னை ஒருநாளும் உறுத்தியதில்லை. ஏசப்பட்டவர்களில் ஒருவரைக்கூட நான் நேரில் கண்டதில்லை என்பது காரணமாக இருக்கலாம். காணாதவர்களைப் பகைப்பது மனத்துக்கு மிக இலேசான வேலை. பத்தியோடு சேர்த்துச் செய்தால் அது வேலையாகவே தெரியாது.

பிறகு, மின்ரயிலின் மகளிர் பெட்டியில் அவர்களில் ஒருவர் எனக்குப் பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்தார்.

நான் செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. அவர் அதே ஊரில் செவிலியர். இருவருக்கும் வீடு கூடுவாஞ்சேரியில். அவருக்கு நான் டீச்சர். எனக்கு அவர் சிஸ்டர். நாங்கள் இருவரும் ஓய்வுபெற்று ஆண்டுகள் பல ஆகியும் இந்த இரண்டு பட்டங்களும் ஓய்வுபெறவில்லை. வண்டி கிளம்பியதும் நான் மெல்லிய குரலில் ஒரு பதிகத்தைத் தொடங்குவேன். மறைமலை நகரில் ஐந்தாம் பாட்டு, சிங்கப்பெருமாள் கோயிலில் எட்டாவது, பரனூரில் பத்தாவது என்பது கணக்கு. அவருடைய குடும்பமும் அவர் கணவருடைய குடும்பமும் தந்தையர் காலத்திலேயே பௌத்தம் தழுவியவை என்பது ஒருநாள் பேச்சுவாக்கில் தெரியவந்தது. மறுநாள் முதல் பரனூரில் என் உதடுகள் மட்டும் அசைந்தன. குரல் உள்ளே போய்விட்டது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

“இன்னா டீச்சர், பரனூர் வந்தா மட்டும் உங்களுக்குத் தொண்ட கட்டிக்குது?”

மறைக்கத் தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் மடியில் வைத்துக் கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்குவதை நிறுத்தாமலே சிரித்தார்.

“எங்களத் திட்ற பாட்டா? நல்லா ஒரக்கப் பாடுங்க. இதுவரிக்கும் எங்களத் திட்னவங்க யாரும் ராகத்தோட திட்னது இல்ல.”

அன்று பரனூரில் நான் பத்தாம் பாட்டை வாய்விட்டுப் பாடினேன். முடிந்ததும் அவர் எனக்கு ஒரு துண்டு கொய்யாவை நீட்டினார். அதில் உப்பும் மிளகாய்த் தூளும் தாராளமாக இருந்தன. எங்கள் நட்பின் தொடக்கம் அதுதான்.

ஓய்வுபெற்ற பிறகு சிஸ்டரும் அவர் கணவரும் கூடுவாஞ்சேரியை விட்டு, அணுபுரத்துக்கும் கடலுக்கும் இடையில் உள்ள சிஸ்டரின் பிறந்த ஊருக்குக் குடிபோனார்கள். அவருடைய தகப்பனார் விட்டுச்சென்ற மனையில் ஊரார் எல்லாரும் கூடி ஒரு சிறிய புத்த மண்டபம் கட்டினார்கள். மாமல்லபுரத்தில் சிலைக்குச் சொல்லியிருந்தார்கள். சிஸ்டரின் ஒரே மகளுக்கு வரன் அமைந்தது. புதிய மண்டபத்தில் புதிய சிலையின் முன் முதல் நிகழ்ச்சியாக அந்தத் திருமணம் நடக்கட்டும் என்று முடிவாயிற்று. இவ்வளவு நல்ல செய்திகளையும் தொலைபேசியில் அடுக்கிவிட்டு, சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். பிறகு, சிலைக்குக் கண் எப்படி வைப்பது என்பதில் தன் கணவருக்கும் தன் தம்பிக்கும் பேச்சு நின்றுபோயிற்று என்றார்.

எனக்கு விளங்கவில்லை. நேரில் வந்து கேட்டுக்கொள்ளும்படி சொன்னார். செங்கல்பட்டில் பேருந்து ஏறி, திருக்கழுக்குன்றத்து மலையைச் சன்னல் வழியே கும்பிட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

வழக்கு இதுதான். புத்தர் அரசமரத்தடியில் எதைப் பெற்றார் என்பதில் மைத்துனர் இருவருக்கும் கருத்து வேறுபாடு. சிஸ்டரின் கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்தவர். வானத்திலிருந்து எந்த ஒளியும் இறங்கவில்லை, மறுபிறவி என்று ஒன்றும் இல்லை, மனிதன் படும் துன்பத்துக்கு மனிதனே காரணம், அவனே அதை மாற்றவும் முடியும் என்று ஒருவர் அறிவைக் கொண்டு கண்டுகொண்டார், ஞானம் என்பது அவ்வளவே என்பது அவர் கட்சி. ஆகவே சிலையின் கண்கள் நன்றாகத் திறந்து ஊரைப் பார்க்க வேண்டும்.

தம்பி மாமல்லபுரத்தில் சுற்றுலா வேன்கள் வைத்து நடத்துபவர். சில ஆண்டுகளுக்கு முன், பத்து நாள் வாய் பேசாமல் அமரும் தியான வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்தார்; அதன்பின் ஆண்டுதோறும் போனார். ஞானம் அறிவால் எட்டுவது அன்று, உடலிலும் உள்ளத்திலும் எழுந்து எழுந்து மறைவதை உள்ளே பார்த்துப் பார்த்து ஆசையின் வேர் காய்ந்துபோவது, அது பல பிறவிகளின் உழைப்பு என்பது அவர் கட்சி. ஆகவே கண்கள் மூடியிருக்க வேண்டும். அந்த உழைப்பில் ஒரு குறிப்பிட்ட படியை எட்டியவருக்கு ஏழு பிறவிக்கு மேல் இல்லை என்று அவர்கள் நூல் சொல்லுமாம். தம்பி அந்தப் படியை எட்டிவிட்டதாக அவருடைய ஓட்டுநர்களிடையே ஒரு பேச்சு இருந்தது. தம்பி அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இதைக் கணவர் என்னிடம் இப்படிச் சொன்னார்:

“ஏழு பிறவிக்கு டிக்கெட் போட்டாச்சாம் டீச்சர். நடுவுல ஒரு நாள் எறங்கி, அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு வந்துட்டுப் போவக் கூடாதா?”

திறந்த கண் வைத்தால் மண்டபத்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்று தம்பி சொல்லியிருந்தார். மூடிய கண் வைத்தால் தானே வரப்போவதில்லை என்று கணவர் சொல்லியிருந்தார். ஆனால் மகளின் திருமணத்துக்குத் தந்தை வராமல் இருக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே உண்மையில் வராமல் இருக்கக்கூடியவர் தம்பி ஒருவர்தான்.

அவர் வராவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்து மனிதர்களை அறியாதவர்கள். மணப்பெண்ணைக் கைப்பிடித்து மணமேடைக்கு அழைத்துவருபவர் தாய்மாமன். பௌத்தத்துக்கு மாறியபோது அந்தக் குடும்பங்களில் ஓமம் போயிற்று, தாலி போயிற்று, ராகுகாலம் எமகண்டம் எல்லாம் போயின. தாய்மாமன் மட்டும் போகவில்லை. சிஸ்டரின் வீட்டில் அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. அவர்களுடைய தாய் இறந்தபோது தம்பிக்கு வயது நான்கு, சிஸ்டருக்குப் பதினான்கு. அதன்பிறகு அவரை வளர்த்தவர் சிஸ்டர்தான்.

“நீங்கதான் தீத்து வெக்கணும்” என்றார் சிஸ்டர். “நீங்க எதிர்க்கட்சி. எங்கள்ல யாரையும் உங்களுக்குப் புடிக்காது. அதனால ஞாயமா சொல்லுவீங்க.”

தகுதிக்குச் சொன்ன காரணம் எனக்குச் சற்று இடித்தாலும், நடுவர் பதவி இனித்தது. ஒத்துக்கொண்டேன்.

முதலில் சிலையைப் பார்த்துவிடலாம் என்று மாமல்லபுரத்துப் பட்டறைக்குப் போனோம். தம்பி வேனில் வந்தார். கணவர் அந்த வேனில் ஏற மறுத்து என்னையும் சிஸ்டரையும் ஆட்டோவில் அழைத்துவந்தார். திருமணத்தை நடத்தித்தரப் போகும் முதிய பிக்குவும் வந்திருந்தார். அவர் தம்பியின் வேனில் வந்துவிட்டு, திரும்பும்போது ஆட்டோவில் போனார். அத்தனை பேரிலும் அவர் ஒருவர்தான் பயணத்தில் எந்தக் கட்சியும் சேராதவர்.

கல்தூளில் நனைந்தது போலப் பட்டறை முழுதும் வெளுத்திருந்தது. நடுவே நான்கடி உயரக் கருங்கல்லில் புத்தர் அமர்ந்திருந்தார். விரல் நகங்கள் வரை தீர்ந்திருந்தன. உதட்டோரத்துச் சிறு முறுவல்கூட வந்திருந்தது. புருவத்துக்குக் கீழே மட்டும் இரண்டு மொழுக்கையான மேடுகள்.

“கண்ணா? எப்படி வேணும்னாலும் வெட்டித் தரலாம்மா” என்றார் சிற்பி. “மூடின கண்ணு ரிசார்ட்டுக்குப் போவும், நீச்சல் கொளத்து ஓரம் வெப்பாங்க. பாதிக் கண்ணு கப்பல்ல வெளிநாட்டுக்கு. தொறந்த கண்ணு நம்ம ஜனங்க கேப்பாங்க.”

புத்தம் ஏன் இத்தனை கிளைகளாகப் பிரிந்தது என்று பல புத்தகங்கள் படித்தும் எனக்குப் பிடிபடாதது, அவருடைய ஆர்டர் வரிசையில் தெளிவாக இருந்தது.

சிலையின் வலப்பக்கம் கணவரும் இடப்பக்கம் தம்பியும் நின்றுகொண்டார்கள். ஒருவரோடொருவர் பேசுவதில்லை ஆதலால் வாதம் முழுவதும் என் வழியாக நடந்தது.

“டீச்சர், மச்சானக் கேளுங்க. ஞானம் கெடச்சதும் அவரு இன்னா பண்ணாரு? எழுந்து நடந்தாரு. சாவற வரிக்கும் ஊர் ஊரா நடந்தாரு. கண்ண மூடிகினா நடந்தாரு?”

“டீச்சர், மாமாவக் கேளுங்க. நடக்கறதுக்கு முன்னால இன்னா பண்ணாரு? குந்திகினு கண்ண மூடினாரு. அது இல்லாம நடந்து இன்னா பிரயோசனம்? என் வேன்கூடத்தான் ஊர் ஊரா போவுது.”

பிக்கு மென்மையாகக் குறுக்கிட்டார். ஞானம் புதிதாகக் கிடைத்த பொருள் அன்று என்பது அவர் கொள்கை. எல்லா உயிருக்குள்ளும் அது முன்னமே இருக்கிறது. புத்தர் அதைக் கண்டுகொண்டார், நாம் இன்னும் காணவில்லை. கடைசி உயிரும் கண்டுகொள்ளும் வரை தாம் மட்டும் கரையேறுவதில்லை என்று நிற்பதுதான் முழுமை. ஆகவே ஒரு பாதி உள்ளே, ஒரு பாதி வெளியே, பாதி திறந்த கண். இருவரும் அவரை மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள். அந்த மரியாதையில் ஒருவரும் அவர் சொன்னதை ஏற்கவில்லை என்பது தெளிவாயிருந்தது.

எப்படியாவது கண் வெட்டி முடித்தால்தானே சிலையை எடுத்துப் போகலாம் என்று சிஸ்டர் கேட்டார். சிற்பி உளியைக் கீழே வைத்தார்.

“ரிசார்ட்டுக்குப் போறது சரக்கும்மா. இங்கியே வெட்டிடுவேன். இது மண்டபத்துல குந்தப் போற சாமி. எடத்துல வெச்சப்புறம், அன்னிக்குக் காலையிலதான் கண்ணு தொறப்பேன். தொறந்துட்டு லாரியில கயிறு கட்டியா இட்டுகினு போவ முடியும்?”

“இது சாமி இல்ல” என்றார் கணவர்.

“சாமி இல்லதான்” என்றார் மறுபக்கத்திலிருந்து தம்பி.

“அப்ப சரக்கா?” என்றார் சிற்பி.

பக்கத்துப் பட்டறையில் கல் அறுக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. எல்லாருக்கும் அது உதவியாக இருந்தது.

வீடு திரும்பி இரண்டு வாரம் தீர்ப்பெழுதினேன். எவர் மனமும் நோகாத, இலக்கண வழுவற்ற, நான்கு பக்கத் தீர்ப்பு. உள்நோக்கியவரே வெளியையும் நோக்கினார். இரண்டையும் ஒருங்கே காட்டுவது பாதி திறந்த கண். மேலும் நடுவழி என்பது அவர்கள் ஆசானின் சொந்தச் சொல். இதைவிடப் பொருத்தமான முடிவு வேறெது இருக்க முடியும் என்று எழுதி முடித்த அன்று, பூசையறையில் வழக்கத்தைவிட ஒரு பதிகம் கூடுதலாக ஓதினேன். நடுவழியில் நடக்கிறவர்கள் இரண்டு பக்கத்து வண்டிகளுக்கும் இடைஞ்சல் என்பதை எங்கள் ஊர் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையை அன்றாடம் கடந்த எனக்கு யாரும் நினைவூட்டவில்லை.

சிஸ்டரின் வீட்டுக் கூடத்தில் அதைப் படித்தேன். கணவர் ஒரு நாற்காலியில், தம்பி வாசலை ஒட்டிய மற்றொன்றில். நான்காம் பக்கம் முடிந்தது.

கணவர்தான் முதலில் பேசினார். “பாதிக் கண்ணு எனக்கு நல்லாத் தெரியும் டீச்சர். நம்ம ஜனங்க மனு எடுத்துகினு வந்து நின்னா, ஆபீசருங்க பாக்கற கண்ணு அது. முப்பது வருசம் பக்கத்துல நின்னு பாத்துக்கீறேன். அதக் கல்லுல வேற வெட்டணுமா?”

தம்பி நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். இது உங்க கோயில் சாமி கண்ணு. அத எடுத்து எங்க புத்தருக்கு மாட்டிட்டீங்க.”

இதை மறுத்து ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. சொன்னது பொய் என்பது மட்டும் நினைவிருக்கிறது. எழுதும்போது என் மனத்தில் நின்றது கருவறை விளக்கொளியில் பாதி சாய்ந்த இமையோடு அடியவரைப் பார்க்கும் என் இறைவனின் முகமே. எங்கள் நெறியில் ஒருவன் தன் கண்ணைத் தானே திறந்துகொள்ள முடியாது. இறைவன் அருளால்தான் திறக்கும். தம் முயற்சியால் விழித்த ஒருவரின் முகத்தில் நான் அந்த அருளை அவருக்குத் தெரியாமல் குடிவைக்கப் பார்த்தேன். பழைய பாடல்கள் வெளிப்படையாக ஏசின. நானோ புன்சிரிப்போடு ஆளையே மாற்றப் பார்த்தேன். எது நாகரிகம் என்று தெரியவில்லை.

தம்பி எழுந்தார். மூடின கண் இல்லையென்றால் தான் வரப்போவதில்லை, வேன்களை மட்டும் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். என் தீர்ப்பால் நடந்த ஒரே மாற்றம், அதுவரை வாய்ப்பேச்சாக இருந்தது முடிவாகிவிட்டதுதான்.

பேருந்து நிறுத்தம் வரை சிஸ்டர் என்னோடு நடந்துவந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

“எங்கம்மா போனப்புறம் இஸ்கூலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கடைக்கு எங்க போனாலும் அவனக் கையப் புடிச்சித்தான் இட்டுகினு போவேன். இப்ப அவன் எம் பொண்ணக் கையப் புடிச்சி ஒரு பத்தடி இட்டுகினு வரணும். இன்னா பெருசாக் கேட்டுட்டேன் டீச்சர்?”

பேருந்து வந்துவிட்டது. அதில் ஏறித் தப்பித்துக்கொண்டேன்.

திருமணத்துக்கு முதல்நாள் சிலை லாரியில் வந்து பீடத்தில் அமர்ந்தது. மறுநாள் காலை நான் போனபோது மண்டபம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தம்பியின் வேன்களில் வந்து இறங்கிவிட்டார்கள். தம்பியின் மனைவி சமையற்கட்டில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். ஞானத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு ஆண்களோடு நின்றுவிட்டதை அது காட்டியது. மூன்று வீடு தள்ளி, தம்பியின் வீட்டுக் கதவு மட்டும் ஒருக்களித்திருந்தது.

சிற்பி குளித்து, திருநீறு பூசி, ஒரு தட்டில் தங்க ஊசி, சிற்றுளி, தேன், கண்ணாடி ஆகியவற்றோடு வந்து பீடத்தின் முன் நின்றார். ஓமத்தையும் ராகுகாலத்தையும் விட்டுவந்த ஊர் அந்தத் தட்டைச் சற்றுக் கலக்கத்தோடு பார்த்தது.

“கண்ணு எப்படிம்மா?” என்று சமையற்கட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.

கணவர் தரையைப் பார்த்தார். அன்று காலை அவர் ‘திறந்த கண்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் கட்சி வென்றிருக்கும். அவர் சொல்லவில்லை. அதற்கு முன்பே மனைவியின் முகத்தை அவர் பார்த்திருக்க வேண்டும். பிக்கு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நண்பகலுக்குப் பிறகு அவர் உண்பதில்லை. ஆகவே திருமணமும் அதற்குப் பின் விருந்தும் பன்னிரண்டுக்குள் முடிய வேண்டும். ராகுகாலம் போன இடத்தில் அந்தக் கெடு வந்து உட்கார்ந்திருந்தது.

சமையற்கட்டிலிருந்து சிஸ்டர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“கண்ணு வெட்டலன்னா இன்னா ஆவும்?”

“ஒண்ணும் ஆவாதும்மா. கல்லாவே இருக்கும். ஆனா நல்ல காரியம். கண்ணு தொறக்காத சாமி முன்னால…”

“சாமி இல்லன்னு இவரு சொன்னாரு. என் தம்பியும் சொன்னான். டீச்சர் சாட்சி. ரெண்டு பேரும் ஒத்துக்கினது அது ஒண்ணுதான். அத வெச்சிகினு கல்யாணத்த முடிச்சிடலாம். நீங்க உக்காந்து சாப்டுட்டுப் போங்க.”

நான் கேட்ட வாதங்களிலும் எழுதிய நான்கு பக்கத்திலும் இல்லாத தெளிவு அது. இரண்டு ஞானிகள் ஒருமனதாகச் சொன்ன சொல்லை எடுத்து அவர்கள் இருவரையுமே மடக்கியதை என் பள்ளிக்கூடத்து வாதப் போட்டிகளில் நான் கண்டதில்லை.

சிஸ்டர் நேரே தம்பி வீட்டுக்கு நடந்தார். என்னையும் வரச் சொல்லவில்லை. ஆனால் நான் போனேன், வாசலோடு நின்றுகொண்டேன்.

உள்ளே தம்பி பாயில் சம்மணமிட்டு, முதுகை நிமிர்த்தி, கண்மூடி அமர்ந்திருந்தார். உடம்பில் பட்டுக்கரை வேட்டியும் புது வெள்ளைச் சட்டையும். சட்டையில் கஞ்சி மொடமொடத்தது. பாய்க்குப் பக்கத்தில் மாமன் சீர்த் தட்டு: மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவை, பழம், பூ, வளையல், எல்லாம் அழகாக அடுக்கி மேலே ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அவர் அன்று எந்த அளவுக்குப் பற்றறுத்திருந்தார் என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

“டேய்” என்றார் சிஸ்டர். “கண்ணு வெட்டல. வெட்டப் போறதும் இல்ல. எழுந்து வா.”

“மாமா ஒத்துக்கினாரா?” கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“அவரக் கேக்கல. உன்னையுந்தான் கேக்கல.”

மூச்சைக் கவனித்தாரோ, முடிவைக் கவனித்தாரோ. பிறகு கண்ணைத் திறந்து, அக்காவைப் பார்த்து, தட்டை எடுக்கக் குனிந்தவர், உடனே நிமிர முடியாமல் தட்டின் மேல் இருந்த துணியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை. சிஸ்டர் தட்டைத் தான் வாங்கிக்கொண்டு, மறுகையால் அவர் கையைப் பிடித்து எழுப்பினார். ஐம்பத்தைந்து வயது ஆளை அப்படியே கைப்பிடித்து, மூன்று வீட்டையும் கடந்து மண்டபம் வரை கொண்டுவந்தார்.

வாசலில் நின்றிருந்த மணப்பெண்ணின் கையைத் தம்பி பிடித்தார். பத்தடிதான். மெதுவாக நடத்திக்கொண்டு வந்தார். பீடத்தருகே கணவர் பாயில் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

“மச்சான், வேன் எல்லாம் வந்துச்சா?”

“வந்துச்சு மாமா. ஒண்ணு மட்டும் திருப்போரூர்ல டயர் மாத்தவேண்டியதாப் போச்சு.”

நெடுங்காலம் பேசாதிருந்த இருவர் மீண்டும் பேசும்போது பேச்சு எங்கே தொடங்கும் என்று நான் நினைத்திருந்தேனோ, அங்கே தொடங்கவில்லை. ஆனால் தொடங்கிவிட்டது.

சிற்பி மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். வெட்டாத கண் மணமக்களைப் பார்க்கக் கூடாது என்று, நெற்றியிலிருந்து ஒரு மல்லிகைச் சரத்தை மேடுகளின் குறுக்கே தொங்கவிட்டார். பார்வையே இல்லாத கண் எப்படிப் பார்க்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஆகவே திருமணப் படங்கள் எல்லாவற்றிலும் புத்தர் பூச்சரத்துக்குப் பின்னால் முறுவலித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கண் இன்றும் வெட்டப்படவில்லை. கேட்பவர்களிடம், இது மூடிய கண், நன்றாகப் பாருங்கள் என்கிறார் தம்பி. இது மூடிய கண் அல்ல, திறக்க வேண்டிய வேலை ஊராருக்குப் பாக்கி இருக்கிறது என்பதன் அடையாளம் என்கிறார் கணவர். எல்லாருக்குள்ளும் இருப்பது இன்னும் வெளிப்படவில்லை என்று காட்டும் இதைவிடச் சிறந்த உருவம் வேறு இல்லை என்கிறார் பிக்கு. கண் திறக்காத வரை அது கல்தான் என்பது சிற்பியின் நூல். எங்கள் ஆகமமும் அதையே சொல்கிறது. திறவாத கல்லுக்கு வழிபாடு இல்லை. ஆனாலும் திருமணத்தன்று பெண் அதன் முன் வந்து நின்றபோது என் கைகள் தாமாகக் குவிந்தன. அவற்றை உடனே கீழே இறக்கி, புடவை மடிப்பைச் சரிசெய்வதாகக் காட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ஒருவரும் கவனிக்கவில்லை என்றே நம்புகிறேன்.

உறுதிமொழிகள் முடிந்து மாலை மாற்றியானதும், டீச்சர் ஒரு பாட்டுப் பாடட்டும் என்றார் சிஸ்டர். இந்த மண்டபத்தில் என் பாட்டா என்று தயங்கினேன். எதிர்க்கட்சிக்கும் ஒரு நேரம் ஒதுக்க வேண்டாமா என்றார் கணவர். நான் பதிகம் ஒன்றைத் தொடங்கினேன். மணமக்கள் கேட்கத் தகுந்தது, கணவனும் மனைவியுமாக வீற்றிருக்கும் இறைவனைப் பற்றியது. கடற்காற்று சன்னல் வழியே வந்தது. குரலும் அன்று ஒத்துழைத்தது. ஒன்பது பாட்டு பாடினேன். ஒரு கணம் மூச்சு வாங்குவது போல நிறுத்தி, பதினோராவதை எடுத்தேன்.

“டீச்சர்” என்று சமையற்கட்டு வாசலிலிருந்து குரல் வந்தது. “பரனூர்ல வண்டி நிக்கல.”

வேறு யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. திரும்பிப் போய்ப் பத்தாம் பாட்டை எடுத்தேன். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. கணவர் கண்களை அகல விரித்து, சொல் சொல்லாகப் பொருள் தேடிக்கொண்டு கேட்டார். பாதியில் பொருள் பிடிபட்டிருக்க வேண்டும், வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டார். தம்பி கண்மூடி, தொடையில் தாளம் போட்டார். பிக்கு பாதி மூடிய இமைகளோடு தலையை அசைத்தார். மல்லிகைச் சரத்துக்குப் பின்னால் இருந்தவர் எந்தக் கண்ணோடு கேட்டார் என்பது தெரியவில்லை.

பாடச் சொன்ன சிஸ்டர் கேட்கவில்லை. மணி பதினொன்றே முக்கால் ஆகியிருந்தது. பிக்குவுக்கு இலை போட உள்ளே போய்விட்டார்.